அறுபத்து நான்கு பங்கு

ஷ்ரூஸ்பரியை அறுபத்து நான்காக வெட்டினேன்.
கத்தி தேவைப்படவில்லை,
மூன்று வரி நிரல் போதுமாயிருந்தது.
பதினேழாம் பங்குக்கும் பதினெட்டாம் பங்குக்கும் நடுவே
கோல்ஹமில்
டோரீன் பியூ அம்மையாரின் சமையலறைக்குள்ளே போயிற்று கோடு.
அடுப்பு இந்தப் பக்கம், குழாய் அந்தப் பக்கம்.
அவருக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால்
தேநீரை எந்தச் செயலியில் உட்கார்ந்து குடிப்பது
என்று கேட்டிருப்பார்.

முடிச்சுப் போட மறந்த கயிறு மாதிரி
ஊரைச் சுற்றி வளைகிறது செவர்ன்.
வேல்ஸ் மலையில் பெய்தது
ஓரிரு நாள் கழித்து இங்கே கதவைத் தட்டும்.
எங்கள் பழைய நிரலோ
ஒற்றைச் செயலியில், கட்டம் கட்டமாக, நொடி நொடியாக
ஒன்பது மணி நேரம் எண்ணிக்கொண்டிருக்கும்.
போன பிப்ரவரியில் விடை வந்தபோது
அதே விடை
கீழ்த்தளக் கம்பளக் கடையில்
முழங்கால் ஆழத்துக்கு நின்றுகொண்டிருந்தது.
கடைக்காரர் பிராசர் படியேறி வந்து
சொட்டச் சொட்ட எங்கள் திரையைப் பார்த்தார்.
"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."
அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஆகவே பிரித்தேன்.
பிரிப்பது சுலபம்.
பிரித்தபின் பேசிக்கொள்ள வைப்பதுதான் பாடு,
சொத்துப் பிரித்த அண்ணன் தம்பிகளைக் கேளுங்கள்.
ஒவ்வொரு பங்கும் தன் ஓர வரிசையைப்
பக்கத்துப் பங்குக்குச் சொல்லியாக வேண்டும்:
இவ்வளவு ஆழம், இந்த வேகம்,
உன் பக்கம்தான் வருகிறது.
முதல் இரவு அந்த ஒரு வரியை எழுத மறந்தேன்.
சமையலறை நடுவே
கண்ணாடிச் சுவராக எழுந்து நின்றது நீர்.
அடுப்பு மூழ்கிப்போக
குழாயடி காய்ந்து கிடந்தது.
கெதின் வெகுநேரம் பார்த்தான்.
"மோசே வந்துட்டுப் போயிருக்கார்" என்றான்.

வரியைச் சேர்த்தேன். சுவர் சரிந்தது.

அப்புறம் வேறு வழக்கு.
கோட்டை, நூலகம், மேட்டுத் தெருக்கள்:
நீரே இல்லாத பங்குகள்
இமைப்பதற்குள் முடித்துவிட்டுக் காத்திருக்கும்.
ஆற்றோரத்துப் பங்கு எட்டு
இன்னும் ரசத்துக்கே வரவில்லை.
பந்தியில் கடைசி ஆள் மோர் ஊற்றி முடிக்கும்வரை
யாரும் இலை மடிக்கக்கூடாது,
இங்கும் அதே சட்டம்.
சும்மா இருந்த செயலிகளின் சூட்டில்
கெதின் காலுறை காயப் போட்டான்.

மறுபடி வெட்டினேன்,
பரப்பைப் பார்த்தல்ல, ஈரத்தைப் பார்த்து.
ஆறு பெருக்கப் பெருக்கக் கோடுகள் நகரும்படி,
காய்ந்தவன் நனைந்தவனிடம் வேலை வாங்கிக்கொள்ளும்படி.
டோரீன் அம்மையாரின் சமையலறை
இப்போது முழுசாக ஒரே பங்கில்.
காரணமில்லாமல் எனக்கு அதில் ஒரு நிம்மதி.

ஒன்பது மணி நேரம்
பதினொரு நிமிடமாயிற்று.

நேற்று மாலை நான்கு மணிக்கு வந்தது விடை:
இரவு ஒன்றரை, கடை வாசல், எழுபது சென்டிமீட்டர்.
வெல்ஷ் பாலத்தடியில் ஆறு அப்போது
வாத்துகளோடு சாதாரணமாக இருந்தது.
ஓடிப்போய்ச் சொன்னேன்.
"எவ்வளவு நேரம் இருக்கு?"
ஒன்பதரை மணி நேரம்,
நூற்றுப்பன்னிரண்டு கம்பளச் சுருள்.
பிராசர், அவர் மருமகன், கெதின், நான்,
மீன்கடைப் பையன்கள் இருவர்,
தன் சாமான்களை மாடியேற்றிவிட்டு
டார்ச்சோடு வந்த டோரீன் அம்மையார்.

ஆள் கூடக் கூட வேலை விரையும்,
என் பிழைப்பே அதில்தான்.
படிக்கட்டு ஒத்துக்கொள்ளவில்லை.
இரண்டடி அகலம், நடுவில் ஒரு திருப்பம்,
ஒரு நேரத்தில் ஒரு சுருள்.
ஏழு பேரில் ஆறு பேர்
முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்து நின்றோம்.
இதற்கு என்னிடம் நிரல் இல்லை.

ஒன்று இருபதுக்குக் கடைசிச் சுருள் ஏறியது.
மாடியில் நாற்காலிக்கு இடமில்லை,
கம்பளங்கள்மேல் உட்கார்ந்து தெருவைப் பார்த்தோம்.
ஒன்று முப்பது. வாசல் காய்ந்திருந்தது.
ஒன்று நாற்பது.
பிராசர் என் பக்கம் திரும்பாமலிருக்கப் பாடுபட்டார்.
ஒன்று நாற்பத்தேழுக்குத்
தரையில் கிடந்த தெருவிளக்கின் வெளிச்சம்
லேசாக அசைந்தது.

"பதினேழு நிமிஷம் லேட்" என்றார் பிராசர்,
ரயிலைச் சொல்வது போல.